பதினாறு அடிப் படகு

எங்கள் வீட்டில் குளியலறை அடுக்களையைவிடப் பெரியது. புதிதாக வருகிறவர்கள் கை கழுவப் போய்விட்டு ஒரு மாதிரியான முகத்தோடு திரும்பி வருவார்கள். வலியசாலையில் இருக்கிற சின்ன வீட்டில் இப்படியொரு ஏற்பாட்டுக்குக் காரணம் என் வீட்டுக்காரர். அறையின் உள்நீளம் இத்தனை அடி இருந்தால் இன்ன பலன் என்று சொல்கிற மனையடிக் கணக்கில் அவருக்கு அப்படி ஒரு பிடிப்பு. ஆரம்பத்தில் இரண்டு அறையும் ஏழடியாக இருந்தன. ஏழு ஆகாது என்று நடுச்சுவரை இடித்து ஓரடி தள்ளிக் கட்டினார். குளியலறை எட்டு, அடுக்களை ஆறு. மாற்றிப் பிரித்திருக்கலாமே என்று கேட்டேன். குழாய் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்றார். இரண்டும் உத்தமமான அளவு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த உத்தமமான ஆறடிக்குள் திரும்பும்போதெல்லாம் மேடையில் இடுப்பை இடித்துக்கொள்கிறவள் நான்.

இதை முதலில் சொல்லிவிட்டால்தான் படகு விஷயம் புரியும்.

ஆரியசாலைச் சந்தில் எங்களுக்குக் கயிற்றுக் கடை இருக்கிறது. மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. தென்னங்கயிறு, நைலான் கயிறு, சணல், தார்ப்பாய், எல்லாம் மொத்த வியாபாரம். இவர் சின்ன வயதில் கல்லாவில் உட்கார்ந்தவர், முழங்கால் மடக்க முடியாமல் போகும்வரை எழுந்திருக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கொழுந்தனார் மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்தவர் என்ன செய்வார்? என் பின்னாலேயே சுற்றினார். கடுகு போதாது என்றார், தீ கூடுதல் என்றார். ஆறடி அடுக்களையில் இரண்டு பேர் நிற்பதே கஷ்டம், அதில் ஒருவர் மேஸ்திரி வேலை பார்த்தால் மற்றவருக்குப் பைத்தியம் பிடிக்கும். எனக்குப் பிடிக்க இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு படகு பார்த்தார். வெளிநாட்டில் யாரோ வீட்டுக் கொட்டகையில் தன் கையால் செய்து, பாய் கட்டி, ஏரியில் விடுகிறார். அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தார் என்று கேட்காதீர்கள். பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் வருகிற மீன்பிடிக்காரர்களுக்குக் காலமெல்லாம் கயிறு அளந்து கொடுத்தாயிற்று, அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்கிற இடத்தில் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்றார். அவர் ஏதாவது ஆசைப்பட்டு நான் கேட்டதே குறைவு. கேலி செய்ய வாய் வந்தது, ஆனால் செய்யவில்லை. அதோடு, அவர் வீட்டை விட்டு வெளியே போவார் என்ற நினைப்பே எனக்குப் பாதி நிம்மதியாக இருந்தது.

வரைபடத்தை இறக்கி, போட்டோஸ்டாட் கடையில் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பேர் உட்காருகிற படகு, ஒரே ஒரு பாய். நீளம் பதினாலு அடி. அந்த இடத்தில்தான் மனிதர் உட்கார்ந்துவிட்டார். மனையடிக் கணக்கில் பதினாலு நஷ்டம். பதினாறு சகல சம்பத்து. தெரிந்தே நஷ்டத்தைக் கட்டுவதா?

நான் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு ஈசான மூலை உண்டு, அக்கினி மூலை உண்டு. படகு தண்ணீரில் திரும்பிக்கொண்டே இருக்குமே, அதற்கு எது மூலை?

“மூல மாறும். நீளம் மாறாதுல்லா,” என்றார்.

பின்பக்கம் இரண்டடி கூட்டிப் பதினாறாக வரைந்துகொண்டார். மற்ற எல்லா அளவும் அச்சில் இருந்தபடியே இருக்கட்டும், வரைந்தவன் விவரம் தெரிந்தவன் என்று அவனுக்கு ஒரு மரியாதையும் கொடுத்தார்.

கடைக்குப் பின்னால் இருக்கிற குடோனில் வேலை நடந்தது. ஒரு பக்கம் தார்ப்பாய்க் கட்டுகள், மறுபக்கம் ப்ளைவுட் பலகைகள். பலகைகளை ஓரத்தோடு ஓரம் வைத்து, துளை போட்டு, செம்புக் கம்பியால் தைக்க வேண்டும். பிறகு உள்ளேயும் வெளியேயும் பசை பூசி, துணி ஒட்டி, காய்ந்தபின் கம்பியை வெட்டி எடுத்துவிட வேண்டும். தையல் என்றதும் எனக்குக் கொஞ்சம் ஆர்வம் வந்தது உண்மை. நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோகும்போது நின்று பார்ப்பேன். அடுத்த கடை வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். பசை நாற்றமும் மிளகாய் நெடியும் கலந்து வருகிற அந்தக் குடோனில், தும்மிக்கொண்டே பலகைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். முழங்கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சந்தில் சுமை தூக்குகிறவர்கள் பீடி குடிக்க ஒதுங்கும்போது எட்டிப் பார்த்து, ‘அண்ணாச்சி, இது பொங்குமா, தாழுமா?’ என்று, மிதக்குமா மூழ்குமா என்பதை மலையாளத்தில் கேட்பார்கள். பதிலுக்கு அவர் பலகையைத் தட்டிக் காண்பிப்பார். அந்த ஒன்றரை வருஷமும் என் கடுகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றாக இருந்தோம்.

எங்களுக்கு ஒரே மகள். புனேயில் வேலை. மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் கம்பெனி வேலையாக மாதத்தில் பாதி நாள் வெளியூர். கடையைக் கொடுத்ததிலிருந்து அவள் ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாள்: அங்கே ஏன் தனியாக இருக்கிறீர்கள், வீட்டைப் பூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள். ஞாயிறு தோறும் இதே பேச்சு. இவர் மழுப்புவார். மழை முடியட்டும், ஓணம் முடியட்டும், பொங்கல் முடியட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் விடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் போனில் சொன்னார்:

“வெள்ளாயணிக் காயல்ல இக்கரையிலேர்ந்து அக்கரைக்குப் போயி, பாய வச்சே திரும்பி வந்துட்டேன்னா நாங்க இங்கதான். வரலேன்னா மறுபேச்சு கெடையாது மக்ளே, ஒன்கூட வந்துருதோம்.”

அவள் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். நடுவராக நானே வருகிறேன், பத்து நாள் லீவு போட்டுக்கொள்கிறேன் என்றாள். அப்பாவும் மகளும் பேசி முடித்துவிட்டார்கள். பயற்றங்காயை நறுக்கிக்கொண்டிருந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நான் என்ன, பீரோவா, கட்டிலா? ஜெயித்தால் இங்கே போடு, தோற்றால் அங்கே தூக்கிக்கொண்டு போ என்பதற்கு? எனக்கு இந்த ஊரை விட்டுப் போக மனசில்லை. சாலைக் கடைத்தெருவில் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேரம் பேசி, பை கனக்கக் கனக்க வீட்டுக்கு வர வேண்டும். என்னிடம் துணி கொடுக்கிறவர்கள் வந்து நின்று அரைமணி நேரம் வம்பளக்க வேண்டும். புனேயில் ஒருமுறை இருபது நாள் இருந்தேன். லிஃப்டில் ஏறி இறங்கினேன், வேறொன்றும் செய்யவில்லை. ஆனால் இதை நானாகப் போய்ச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அவர் கேட்கட்டும், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். கேட்கவே இல்லை. படகு மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

கோபம் ஒருபுறம் இருந்தாலும் பாய் தைத்தது நான்தான். கடையிலிருந்து வெள்ளைத் தார்ப்பாய் எடுத்து வந்தார். பாய் தட்டையாக இருக்கக் கூடாது, காற்று வந்து உட்கார வயிறு வேண்டும் என்று வரைபடத்தைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். துணிக்கு வயிறு வைப்பது எப்படி என்று முப்பது வருஷமாகப் பிளவுஸ் தைக்கிறவளுக்கு அவர் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூடத்தில் சோபாவை நகர்த்தி, தரையில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டு, பிடிப்பு வைத்துத் தைத்தேன். ஊசி பலதும் உடைந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் மிதிக்க மிதிக்க நகர்த்திக் கொடுத்தார். முடிந்ததும் புதுத்துணிக்குச் செய்கிறபடி ஒரு மூலையில் மஞ்சள் தடவினேன். அதைப் பார்த்து அவருக்கு உண்டான சந்தோஷம் இருக்கிறதே, ஒரு நிமிஷம் என் கோபமே மறந்துபோனது. அப்போதாவது கேட்டிருக்கலாம். மஞ்சள் சாயம் போகுமா என்றுதான் கேட்டார்.

மகள் வந்தாள். அடுத்த நாள் காலையில் சந்துச் சுமைக்காரர்கள் ஒரே மூச்சில் படகைத் தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த பாகத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டினார்கள். புறப்படும் முன் பூசை போட வேண்டும் அல்லவா? தேங்காய் உடைத்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது? படகுக்குச் சக்கரம் கிடையாது. கடைசியில் டெம்போவின் சக்கரத்தடியில் வைத்து நசுக்கினோம். தன் வண்டிக்குச் செலவில்லாமல் பூசை நடந்ததில் டிரைவருக்குத் திருப்தி.

வெள்ளாயணிக் காயலின் மேற்குக் கரையில் இறக்கினோம். பஞ்சாங்கப்படி நல்ல நேரத்தில் படகின் மூக்கு தண்ணீரைத் தொட்டது. தொட்டது, மிதந்தது, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. நான் விடாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகின் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பேச்சுக் கொடுத்தால் அழுதுவிடுவார் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் எட்டவே நின்றேன். மகள் போனில் படமாக எடுத்துத் தள்ளினாள்.

ஆனால் நல்ல நேரத்துக்குக் காற்று வரவில்லை. இலை அசையாமல் இருந்தது. கரையில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து சாயா குடித்தோம். தூரத்தில் ஒருவர் வள்ளத்தில் இருந்து தாமரை பறித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியபிறகுதான் கடல் பக்கத்திலிருந்து காற்று மெல்ல வந்தது. பாய் ஒருமுறை சலசலத்தது. இவர் எழுந்தார்.

அவரோடு கொழுந்தனார் மகன் ஏறுவதாக இருந்தது. அவனும் இவரும் வேளிக் காயலில் தெரிந்தவர் ஒருவரிடம் சில ஞாயிற்றுக்கிழமைகள் போய் பாய் பிடிக்கப் பழகியிருந்தார்கள். அந்தப் பையன் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள்ளப் போனபோது, நான் அதை அவன் கையிலிருந்து வாங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் என்றால் குடிக்கவும் குளிக்கவும் மட்டும்தான் என்று இருந்தவள். ஆனால் நான் இந்த ஊரில் இருப்பேனா மாட்டேனா என்று தீர்மானிக்கப் போகிற படகு அது. அது தீர்மானிக்கும்போது நான் கரையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டுமா? உள்ளே இருந்தே பார்க்கிறேன் என்று புடவையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். மகள் வேண்டாம் வேண்டாம் என்றாள். இவர் கையை நீட்டினார்.

துடுப்பு இரண்டு செய்து வைத்திருந்தார். அதை எடுத்து மகளின் கையில் கொடுத்துவிட்டார். துடுப்போடு போனால் பந்தயம் ஆகாதாம். இந்த வீறாப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

போனது பாருங்கள், அந்தப் படகு. நான் பொய் சொல்லவில்லை, அவ்வளவு அழகாகப் போனது. எஞ்சின் சத்தம் இல்லை, டீசல் நாற்றம் இல்லை. பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் காலில் தெரிந்தது. நான் வைத்த வயிறு அப்படியே நிறைந்து நின்றது. பாயைத் தடவிப் பார்த்தேன், பிடிப்பு வைத்த இடத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இவர் ஒரு கையில் சுக்கானும் ஒரு கையில் கயிறுமாக, தன் கடைக் கயிறுதான், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணமான புதிதில் சைக்கிளில் என்னை முன்னால் வைத்துக்கொண்டு கரமனை ஆற்றுப் பாலத்தில் வேகமாகப் போவார், அன்றைக்கு இருந்த முகம் அப்படியே இருந்தது. பயம் எல்லாம் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. அவரும் சிரித்தார். கரையில் மகள் சின்னதாகிக்கொண்டே போனாள்.

அக்கரை நெருங்கியது. தாமரை இலைகள் தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் திருப்ப வேண்டும். காற்று வருகிற பக்கமாக மூக்கைத் திருப்பி, அதைத் தாண்டி மறுபக்கம் சாய்ந்து, கோணல் மாணலாக ஏறி ஏறித் திரும்ப வேண்டும். அப்படித்தான் அவர் எனக்கு விளக்கியிருந்தார். தலையைக் குனிந்துகொள் என்றார். குனிந்துகொண்டேன். சுக்கானைத் தள்ளினார். படகு மூக்கைக் கொஞ்சம் திருப்பியது, யோசித்தது, பாய் படபடவென்று அடித்துக்கொண்டது, பிறகு பழைய பக்கத்துக்கே சாய்ந்துவிட்டது.

இரு, இரு என்றார். வேகம் போதவில்லை என்றார். மறுபடி தள்ளினார். மறுபடியும் அதே கதை. கயிற்றை இறுக்கினார், தளர்த்தினார், என்னை முன்னால் போகச் சொன்னார், பின்னால் வரச் சொன்னார். எதற்கும் அது அசையவில்லை. போகிற பக்கத்துக்கு ஓட்டமாக ஓடும், வந்த பக்கத்துக்கு முகம் கொடுக்காது. தாமரை இலைகள் பலகையில் உரசின. கடைசியில் சேற்றில் மெத்தென்று மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. அக்கரை வந்துவிட்டது. அவ்வளவுதான்.

அவர் சுக்கானை விட்டுவிட்டு, படகின் நீளத்தை முன்னும் பின்னும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே பிடிபட்டுவிட்டது. பின்னால் இரண்டடி கூட்டினாரே, அதோடு பாய்மரத்தையும் அதன் கணக்குக்குப் பின்னால் நகர்த்தியிருக்க வேண்டும். அது பதினாலு அடிக்குச் சொன்ன இடத்திலேயே நிற்கிறது. அதனால் பாய் மூக்கைப் பிடித்துத் தள்ளுகிறது, நீண்ட வால் திரும்ப விடமாட்டேன் என்கிறது. இதை அவர் சுக்கானைப் பார்த்துக்கொண்டே எனக்கு விளக்கினார். எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. சகல சம்பத்து என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

என் கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய போன் அடித்தது. மகள். அப்பா ஏன் திரும்பவில்லை என்று கேட்டாள். ஒரு நிமிஷம் இரு என்று அவளிடம் சொல்லிவிட்டு, போனைப் புடவையில் பொத்திக்கொண்டு இவரைப் பார்த்தேன்.

“சொல்லு. அப்பா தோத்துட்டாருன்னு சொல்லு. ஒனக்கும் அதானே வேணும்,” என்றார்.

“எனக்கா? யாரு சொன்னா?”

“யாரும் சொல்லணுமா? ஞாயித்துக்கெழம போன வச்சப்பொறம் நீ மூக்கச் சிந்திக்கிட்டு உக்காந்திருக்கத நான் பாக்கதுதானே. மககூடப் போயி இருக்கணும்னு ஒனக்கு இருக்கும். வேண்டாம்னு ஒம் மொகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. தோத்தா ஒனக்கு ஆச்சு, செயிச்சா எனக்கு ஆச்சுன்னு படகுமேல விட்டுட்டேன்.”

இந்த மனிதர் படகின் தலையில் பந்தயத்தைக் கட்டியது என்னிடம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமலா? எனக்குக் கோபமும் வந்தது, அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது. படகு ஆடும் என்பதால் இரண்டையும் செய்யவில்லை. மகளை நினைத்தால் கண்ணில் தண்ணீர் வரும்தான். அதற்காக ஊரை விட்டுப் போக வேண்டும் என்றா அர்த்தம்? போனை எடுத்தேன்.

“மக்ளே, படகு தோத்துட்டு. ஆனாலும் நாங்க வரல. இத அப்பா சொல்லல, நான் சொல்லுதேன்.”

அவள், சரி, சோற்றை எங்கே கொண்டுவர வேண்டும் என்று கேட்டாள்.

காக்காமூலை வழியாகச் சுற்றிக்கொண்டு டெம்போவில் வந்தாள். அதற்குள் இவர் படகைக் கரையோரம் இழுத்துக் கட்டியிருந்தார், நாங்கள் ஒரு மரத்தடியில் ஈரப் புடவையும் ஈர வேட்டியுமாக உட்கார்ந்திருந்தோம். அவர் சும்மா சும்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் லேசாக இருந்தது. இருக்கப் போகிறோம், அதுவும் இரண்டு பேருமே விரும்பி இருக்கப் போகிறோம். தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷமாக இருந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மகள் பாத்திரங்களை இறக்கினாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, தேங்காய்த் துவையல், எல்லாம் காலையில் நான் கட்டிவைத்தது. டிரைவருக்கும் கொழுந்தனார் மகனுக்கும் ஒரு பங்கு கொடுத்தனுப்பினாள். அவர்கள் வண்டியடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்களுக்கு இலை போட்டுப் பரிமாறினாள். அப்பாவுக்குத் துவையல் வைத்தாள். அவளும் உட்கார்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டாள். நான் ஏதோ சமாதானமாகச் சொல்ல ஆரம்பித்தேன். நாங்கள் இன்னும் தெம்பாகத்தான் இருக்கிறோம், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், எங்களைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம் என்றேன்.

“ஒங்களப் பாத்துக்கிடணும்னா கூப்பிட்டேன்?” என்றாள், இலையைப் பார்த்துக்கொண்டே. “அவரு பாதி நாளு ஊர்ல இல்லம்மா. சாயந்திரம் வந்து கதவத் தொறந்தா, காலம்பற வச்ச டம்ளர் வச்ச எடத்துலயே இருக்கும். பேச ஆளு கெடையாது. நீங்க என்னப் பாத்துக்கிடுவீங்கன்னுதான் கூப்பிட்டேன்.”

கையில் எடுத்த சோற்றை இலையில் திரும்ப வைத்தேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறோம். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறேன், மழையா வெயிலா என்று கேட்டிருக்கிறேன். அவள் கூப்பிடுவது எங்களுக்காக என்றே இரண்டு பேரும் வைத்துக்கொண்டிருந்தோம்.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் பந்தயமே கெட்டியிருக்க மாட்டேனே மக்ளே,” என்றார் இவர்.

“நீங்க யாரும் கேக்கலயேப்பா.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை என்று மாதக்கணக்கில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் நான். நான் அவளைக் கேட்டேனா? அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். எச்சில் கையோடு முதுகைத் தடவ முடியாமல் முழங்கையால் தடவினேன். இவர் எழுந்து போய்ப் படகின் முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். ஏற்கெனவே மூன்று முடிச்சு போட்டிருந்தது.

குடியேற மாட்டோம், ஆனால் வருவோம் என்று பேசி முடித்தோம். இந்த முறை மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அவள் லீவு முடிந்து திரும்பும்போது நானும் கூட ரயில் ஏறினேன். பாய்மரத்தை நகர்த்திவிட்டு மெதுவாக வருகிறேன், ஒரு மாதம் ஆகும் என்று இவர் ஸ்டேஷனில் சொன்னார். அடுத்த வாரமே பையும் கையுமாகப் புனேயில் வந்து நின்றார். மரத்தை நகர்த்தியாயிற்றா என்று கேட்டேன். நகர்த்தியாயிற்றாம், அக்கரைக்குப் போய்த் திரும்பியும் வந்தாயிற்றாம், ஆனால் இக்கரையில் சொல்ல ஆள் இல்லையாம். இப்போது மழைக்காலம் முழுக்கப் புனே, மற்ற நாளெல்லாம் வலியசாலை என்று ஓடுகிறது. புனேயில் நான் சாலைக் கடைத்தெருவை நினைத்துக்கொள்கிறேன், கடைத்தெருவுக்கு வந்தால் மகளை நினைத்துக்கொள்கிறேன். பரவாயில்லை.

அன்று மகளோடு போய்ச் சேர்ந்த மறுநாள் சாயங்காலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் ஆபீஸ் விட்டு வருகிற நேரத்துக்குச் சாயா போட்டு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாவி போடுகிற சத்தம் கேட்டது. கதவு பாதி திறப்பதற்குள், செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.